பேச்சு அடங்குவதற்குள் வந்துசேரும் விடை: வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் சேவை பற்றிய மதிப்புரை

வெயில் வழக்கத்தை மீறிக் கொளுத்துகிற வாரத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசாதவர் குறைவு. அடுத்த வாரமே மழை பெய்து வெக்கை தணிந்துவிட்டால் அந்தப் பேச்சும் தணிந்துவிடுகிறது. வெள்ளமோ புயலோ வெப்ப அலையோ தாக்கிய சில நாட்களுக்குத்தான் செய்தித்தாளின் முதல் பக்கமும் தொலைக்காட்சியின் விவாத நேரமும் இந்தப் பொருளுக்குத் திறந்திருக்கின்றன. அந்தச் சில நாட்களில் மக்கள் கேட்கிற கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: இது காலநிலை மாற்றத்தால் வந்ததா, அல்லது எப்போதும் வருவதுதானா? அந்தக் கேள்விக்கு, பேச்சு அடங்குவதற்குள், அறிவியல் முறைப்படி விடை தர முயலும் இலவசப் பொதுச் சேவை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்பது அதன் பெயர். அதன் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்து, அவை செய்திகளில் எந்த வடிவத்தில் வந்து சேர்கின்றன என்பதையும் கவனித்து வருகிற வாசகன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

காலநிலை அறிவியலாளர்களான ஃபிரெடெரிக்கே ஓட்டோவும் கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் மற்றவர்களோடு சேர்ந்து 2014–15 வாக்கில் தொடங்கிய முயற்சி இது. வான் ஓல்டன்போர்க் நெதர்லாந்தின் அரச வானிலை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். 2021 அக்டோபரில் காலமானார். ஓட்டோ இப்போது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்து இப்பணியை நடத்துகிறார். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் காலநிலை மையமும் இதில் பங்கேற்கிறது. பேரிடர் ஒன்று நிகழ்ந்ததும் அந்தந்த நாட்டு அறிவியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைகிறது. ஓரிரு வாரங்களில் அறிக்கை வெளியாகிறது. படிப்பதற்குக் கட்டணமோ பதிவோ தேவையில்லை.

இந்த வேகத்தின் அருமையை உணர வேண்டுமானால், பொதுமக்களின் கருத்து வானிலையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2011-ல் யே லி, எரிக் ஜான்சன், லிசா ஸவால் ஆகியோர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுமக்களிடம் நடத்திய ஆய்வில், அன்றைய நாள் வழக்கத்தைவிட வெப்பமாக இருப்பதாக எண்ணியவர்கள் புவி வெப்பமாதலைக் கூடுதலாக நம்பினார்கள், கூடுதலாகக் கவலைப்பட்டார்கள், அதற்காகப் பணியாற்றும் அமைப்புக்குக் கூடுதலாக நன்கொடையும் அளித்தார்கள். அன்று ஜன்னலுக்கு வெளியே அடிக்கும் வெயில், உலகம் முழுவதற்குமான ஒரு நூற்றாண்டுப் போக்கைப் பற்றிய கருத்தையே அசைத்துவிடுகிறது. வெயில் அசைத்ததைக் குளிரும் அசைக்கும். அமெரிக்க செனட் உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் 2015 பிப்ரவரியில் அவைக்குள் பனி உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிராக இருக்கிறது பாருங்கள் என்று காட்டியது இந்த இயல்பை நம்பித்தான். அதே மண்ணில் 1988 ஜூனில், கடும் வறட்சியும் வெப்பமும் நிலவிய கோடையின் நடுவே, நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சன் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது உலகமே கவனித்ததற்கும் அன்றைய வெயிலுக்குப் பங்கு உண்டு. ஹான்சன் சொன்னது பல ஆண்டுத் தரவுகளின் மேல் நின்ற முடிவு. பனி உருண்டை ஒரு நாளின் குளிர். அறிவியலில் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. பொதுவிவாதத்தில் இரண்டுமே வானிலையின் தோளில் ஏறித்தான் வந்தன.

இதைவிட எனக்குக் கவலை தருவது மறதி. ஃபிரான்செஸ் மூர் தலைமையில் 2019-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் எழுதப்பட்ட 200 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளைக் கொண்டு, மக்கள் எப்போது வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்தது. வழக்கத்துக்கு மாறான வெப்பமோ குளிரோ வரும்போது பேச்சு கூடுகிறது. ஆனால் அந்த மாறுபாடு மீண்டும் மீண்டும் வந்தால் அதையே வழக்கம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எது வழக்கம் என்று நாம் முடிவு செய்ய, மனம் ஏறத்தாழ இரண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த வானிலையைத்தான் எடுத்துக்கொள்கிறதாம். உலக வானிலை அமைப்பு இயல்பு நிலையைக் கணக்கிட 30 ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்துகிறது. நம் மனமோ சில ஆண்டுகளிலேயே கணக்கை மாற்றி எழுதிவிடுகிறது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். வெப்பத்தைப் பற்றிப் பேசுவதை மக்கள் நிறுத்திய பிறகும், அவர்களுடைய பதிவுகளின் மனநிலையில் வெப்பம் உண்டாக்கும் துன்பம் குறையவில்லை. துன்பம் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் நின்றுபோகிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றிய பொதுவிவாதத்தை மக்களின் வியப்பை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

செய்தி ஊடகம் இந்த மறதிக்கு மருந்தாக இருக்க வேண்டும். நெடுங்காலம் அது அப்படி இருக்கவில்லை. மாக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் அமெரிக்காவின் நான்கு முன்னணி நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை வந்த கட்டுரைகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் புவி வெப்பமாதலில் மனிதரின் பங்கை ஏற்கும் கருத்துக்கும் மறுக்கும் கருத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கொடுத்திருந்ததைக் காட்டினார்கள். அறிவியலாளர்களிடையே அப்படி இரு சம பாதிகள் இல்லை. நடுநிலை என்று நினைத்துச் செய்தது, இல்லாத ஐயத்தை உண்டாக்கியது. பிபிசி நிறுவனம் 2018-ல்தான், மறுப்பவர் ஒருவரை எதிரே உட்கார வைப்பது நடுநிலைக்குத் தேவையில்லை என்று தன் செய்தியாளர்களுக்கு எழுத்து மூலம் தெளிவுபடுத்தியது.

படங்களும் இப்படித்தான். 2019-ல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலைகளின்போது பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் செய்தி ஊடகங்கள் வெளியிட்ட படங்களை சாஃப்ரான் ஓ'நீல் குழுவினர் ஆராய்ந்தபோது, கடற்கரையிலும் நீரூற்றிலும் மக்கள் மகிழ்ச்சியாக விளையாடும் காட்சிகள் பெருமளவில் இருந்தன. செய்தியின் எழுத்து ஆபத்தைச் சொல்ல, மேலே இருந்த படம் விடுமுறையைச் சொல்லியது. வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் தனியே இருக்கும் முதியவர்கள். அவர்களைப் படம் பிடிக்க யாரும் போவதில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் சிறியதாகத் தோன்றினாலும், விவாதத்தை மிகவும் முடக்கிய ஒரு வாசகம் உண்டு. "எந்தவொரு தனி நிகழ்வையும் காலநிலை மாற்றத்தோடு தொடர்புபடுத்த முடியாது" என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒவ்வொரு வெப்ப அலைக்கும் பின்னால் யாராவது சொல்வார்கள். செய்தியும் அதோடு முடிந்துவிடும். 2003 ஐரோப்பிய வெப்ப அலையை ஆராய்ந்த பீட்டர் ஸ்டாட், டாயித் ஸ்டோன், மைல்ஸ் ஆலன் ஆகியோர் 2004-ல் அந்த வாசகத்தை உடைத்தார்கள். அப்படியொரு கோடை வருவதற்கான வாய்ப்பை மனிதரின் செயல்கள் குறைந்தது இருமடங்காக்கியிருக்க மிகவும் இடமுண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் அந்த முடிவு வெளிவந்தபோது வெப்ப அலை முடிந்து ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதாகப் பின்னர் மதிப்பிடப்பட்ட நிகழ்வு அது. விடை வந்த நேரத்தில் கேள்வி கேட்டவர்கள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். இந்த இடைவெளியை ஓரிரு வாரமாகச் சுருக்கியதுதான் நான் மதிப்பிடும் சேவையின் முதன்மையான சாதனை.

அது செயல்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிகழ்ந்த மழையின் அளவையோ வெப்பத்தையோ வரையறுத்து, அப்பகுதியின் நீண்டகாலப் பதிவுகளில் அது எவ்வளவு அரியது என்று முதலில் கணக்கிடுகிறார்கள். பிறகு, பதிவுகளையும் காலநிலையை உருவகப்படுத்தும் பல கணினி மாதிரிகளையும் பயன்படுத்தி, புவி இவ்வளவு வெப்பமாகாமல் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையில் இருந்திருந்தால் அதே நிகழ்வு எவ்வளவு அரியதாக இருந்திருக்கும், எவ்வளவு தீவிரமாக இருந்திருக்கும் என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே விடை. பதிவுகளும் மாதிரிகளும் ஒத்துப்போனால் உறுதியாகச் சொல்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதுகிறார்கள்.

ஓர் அறிக்கையை அருகில் வைத்துப் பார்ப்போம். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.6 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நாட்டின் முந்தைய உச்சம் 1937-ல் பதிவான 45 டிகிரி. உச்ச அளவுகள் வழக்கமாக அரை டிகிரி, ஒரு டிகிரி என்ற அளவில்தான் முறியடிக்கப்படும். இங்கே நாலரை டிகிரிக்கும் மேல் தாண்டியது. மறுநாள் காட்டுத்தீயில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அறிக்கை ஜூலை 7 அன்று வெளியானது. மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றம் இல்லாமல் இந்த வெப்பம் ஏறத்தாழ இயலாதது என்றும், அந்த மாற்றம் இல்லாத உலகில் இது குறைந்தது 150 மடங்கு அரிதாக இருந்திருக்கும் என்றும், இன்றைய காலநிலையிலேயே இது ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவுக்கு அரியது என்றும், புவி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 2 டிகிரி வெப்பமானால் இதுபோன்றது ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்றும் அது கூறியது. உலகெங்கும் செய்திகள் இந்த எண்களை எடுத்துப் போட்டன.

எண்களைக் கடந்து நான் மதிப்பது அறிக்கையின் வேறொரு பகுதியை. நிகழ்ந்த வெப்பம் அதுவரையிலான பதிவுகளின் எல்லைக்கு வெகு வெளியே இருந்ததால், வழக்கமான கணக்கு முறையே திணறியதை அவர்கள் மறைக்கவில்லை. இது மிக அரிய நிகழ்வொன்று கெட்ட வாய்ப்பாக நேர்ந்ததாக இருக்கலாம். அல்லது வெப்பமாகும் புவியில் நாம் இன்னும் அறியாத ஏதோ ஓர் இடைவினை இதுபோன்றவற்றைக் கணக்கைவிட வேகமாகப் பெருக்கி வரலாம் என்று இரு வழிகளையும் திறந்து வைத்தார்கள். இந்த இரண்டாம் வழியைப் பற்றித்தான் மக்கள் அதிகம் பேசியிருக்க வேண்டும். நான் படித்த செய்திகளில் 150 என்ற எண் எல்லாவற்றிலும் இருந்தது. இந்த ஐயம் சிலவற்றில்தான் இருந்தது.

சேவையின் நம்பகத்தன்மையை ஒருவர் சோதிக்க விரும்பினால், அது "ஆம்" என்று சொன்ன அறிக்கைகளைவிட "இல்லை" என்று சொன்னவற்றைப் பார்க்க வேண்டும். 2021-ல் தெற்கு மடகாஸ்கரில் கடும் உணவுப் பற்றாக்குறை. அது காலநிலை மாற்றத்தால் விளையும் பஞ்சமாகக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் எச்சரித்திருந்தது. உலக ஊடகங்கள் அப்படியே எழுதின. டிசம்பரில் இச்சேவையின் அறிக்கை வந்தது. மழை பொய்த்ததற்குக் காலநிலை மாற்றத்தின் பங்கு மிகச் சிறியது, அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றும், வறுமையும் அடிப்படை வசதியின்மையும் மழையை மட்டுமே நம்பிய வேளாண்மையுமே மக்களை இந்த நிலைக்குத் தள்ளின என்றும் அது கூறியது. காலநிலை மாற்றத்தைப் பற்றி உலகை எச்சரிக்கவே உழைக்கும் அறிவியலாளர்கள், தங்கள் தரப்புக்கு வலுச்சேர்க்கும் என்று தோன்றும் ஒரு கதையைத் தாங்களே மறுத்தார்கள். 2023 மே மாதம் இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில் நேர்ந்த வெள்ளத்திலும் வசந்தகாலக் கனமழையில் காலநிலை மாற்றத்தின் தடம் தெரியவில்லை என்றே எழுதினார்கள்.

மடகாஸ்கர் அறிக்கையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. எல்லாப் பேரிடரையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது, அணையைப் பராமரிக்காத அரசுக்கும் ஆற்றுப்படுகையில் கட்டடம் கட்ட அனுமதித்த அதிகாரிக்கும் நல்ல புகலிடம். "காலநிலை மாற்றம், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற வாசகத்தை எத்தனையோ வெள்ளங்களுக்குப் பிறகு கேட்டிருக்கிறோம். வானிலைக்கு எவ்வளவு, காலநிலைக்கு எவ்வளவு, மனிதரின் அலட்சியத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அறிக்கை, பொறுப்பு கேட்கிற மக்களின் கையில் ஒரு கருவி. இச்சேவையின் அறிக்கைகளில் மக்களின் வாழ்நிலையையும் முன்னெச்சரிக்கையின் போதாமையையும் ஆராயும் பகுதி தவறாமல் இடம்பெறுகிறது. செய்திகள் அந்தப் பகுதியைத்தான் தவறாமல் விட்டுவிடுகின்றன.

செய்திகள் இந்த எண்களைக் கையாளும் விதத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அதற்குச் சேவையும் ஓரளவு பொறுப்பு. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நிலவிய முன்கூட்டிய வெப்பத்தை ஆராய்ந்து, காலநிலை மாற்றத்தால் அதன் வாய்ப்பு 30 மடங்கு கூடியது என்றார்கள். அதே அறிக்கையின்படி, பழைய காலநிலையில் இதே அளவு அரிதான நிகழ்வு வந்திருந்தால் ஏறத்தாழ 1 டிகிரி குறைவாக இருந்திருக்கும். 30 மடங்கு என்று தலைப்பிட்டால் வாசகர் மிரள்கிறார். 1 டிகிரி என்று தலைப்பிட்டால் இவ்வளவுதானா என்று தாளைப் புரட்டுகிறார். இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். சராசரி வெப்பம் சிறிதளவு நகர்ந்தாலே மிக உயர்ந்த அளவுகளைத் தொடும் நாட்கள் பல மடங்கு பெருகும் என்ற எளிய கணக்கை விளக்காமல் ஒன்றை மட்டும் சொன்னால், சொன்னது பொய்யாகாது, ஆனால் புரிந்துகொள்ளப்பட்டது பொய்யாகிவிடும்.

மழையில் இது இன்னும் கூர்மையாகிறது. காற்று ஒரு டிகிரி வெப்பமானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவை உண்டாக்கிய கனமழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்பது சேவையின் மதிப்பீடு. வெறும் 10 விழுக்காடுதானா என்று கேட்டவர்கள் உண்டு. ஏற்கெனவே பருவமழையில் ஊறி, மேலும் நீரைத் தாங்க இயலாத மலைச்சரிவுக்கு, கடைசியாக விழுகிற பத்தில் ஒரு பங்கு மழை எஞ்சிய பிடிப்பையும் அறுத்துவிடக்கூடும். சரிவின் உறுதி ஒரு வரம்பைத் தாண்டியதும் மொத்தமாக உடைவது. மழை கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருவது அன்று. இந்த ஒரு விளக்கத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நான்கு வரியில் எழுதியிருந்தால், செய்தியாளர்களும் அதை எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள்.

2022 பாகிஸ்தான் வெள்ளம் பற்றிய அறிக்கை இன்னொரு வகையான சோதனை. சிந்து, பலூசிஸ்தான் மாகாணங்களில் ஐந்து நாள் உச்ச மழை ஏறத்தாழ 75 விழுக்காடு தீவிரமாகியிருப்பதை மழைப்பதிவுகள் காட்டின. கணினி மாதிரிகளோ மிகக் குறைந்த மாற்றத்தைக் காட்டின. பருவமழை ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறுபடும் பகுதி என்பதால் உறுதியின்மை மிகப் பெரியது என்று அறிக்கை தெளிவாகவே எச்சரித்தது. ஆனாலும் எண் இருக்குமிடத்தில் எச்சரிக்கை நிற்பதில்லை. தலைப்பிலேயே "அநேகமாக", "உறுதியாக", "சொல்ல இயலவில்லை" என்று மூன்று நிலைகளில் ஒன்றைப் பெரிதாகப் போட்டுவிட்டு, எண்ணை அதற்குக் கீழே தருவது நல்லது என்பது என் பரிந்துரை.

மாற்றாகக் கிடைக்கும் சேவைகளையும் பார்த்துவிடலாம். கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க அமைப்பின் கிளைமேட் ஷிஃப்ட் இண்டெக்ஸ் நாள்தோறும் வெப்பநிலைக்கு மட்டும் விடை தருகிறது. மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரையிலான அளவுகோலில், 5 என்றால் அன்றைய வெப்பத்துக்கான வாய்ப்பு குறைந்தது ஐந்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். பேரிடர் வரும்வரை காத்திருக்காமல் சாதாரண நாளையும் கணக்கில் கொள்வது இதன் சிறப்பு; மழையையும் வறட்சியையும் பற்றி இது எதுவும் சொல்லாது. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் காலநிலைச் சேவையின் கிளைமேட் பல்ஸ் பக்கத்தில் உலகச் சராசரி வெப்பநிலை ஓரிரு நாள் இடைவெளியில் வரைபடமாக வருகிறது. 1940 முதல் முந்தைய ஆண்டுகளின் கோடுகள் அடியில் கிடக்க, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.6 டிகிரி கூடுதலாக முடிந்த 2024-ன் கோடு பெரும்பாலும் அவற்றுக்கு மேலே செல்வதைப் பார்த்தால், ஊர்க்குளிரை வைத்து உலகைக் கணிப்பவரும் ஒரு கணம் நிற்பார். மனித மறதிக்கு எதிராக எனக்குத் தெரிந்தவற்றில் மிக எளிமையான கருவி அதுதான்.

இவற்றோடு ஒப்பிடும்போது அன்றாட வானிலைச் செயலிகள் தவறவிடும் வாய்ப்பு பெரிதாகத் தெரிகிறது. நான் பயன்படுத்தி வந்த ஒரு செயலி, இன்றைய வெப்பம் எவ்வளவு, உடல் உணரும் வெப்பம் எவ்வளவு என்றெல்லாம் சொல்லும். இந்த நாளுக்கான 30 ஆண்டுச் சராசரி எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாது. கோரி எழுதியும் பயனில்லை. நாள்தோறும் கோடிக்கணக்கானோர் பார்க்கிற அந்தச் சின்னத் திரையில் அந்த ஓர் எண் இருந்தால், வழக்கம் எது என்பதை மனம் தன் விருப்பப்படி மாற்றி எழுதுவது கடினமாகும். தொலைக்காட்சியில் இது இயலும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜிம் கேண்டி என்ற வானிலையாளர் 2010 முதல் தன் அறிக்கையோடு உள்ளூர்க் காலநிலை மாற்றத்தைப் பற்றிய சிறு விளக்கங்களையும் சேர்த்துத் தந்தார். அந்த நிலையத்தைப் பார்த்தவர்களின் புரிதல் மேம்பட்டதைப் பின்னர் ஆய்வு காட்டியது. அது நாடு முழுவதும் விரிந்து கிளைமேட் மேட்டர்ஸ் என்ற திட்டமானது. இதற்கு விலையும் உண்டு: 2023-ல் அயோவா மாநிலத் தொலைக்காட்சி வானிலையாளர் ஒருவர், காலநிலையைப் பற்றிப் பேசியதற்காக வந்த மிரட்டல் மின்னஞ்சல்களுக்குப் பின் பணியை விட்டு விலகினார்.

இனி குறைகள். முதலாவது, பேரிடருக்குப் பின் வரும் அறிக்கைகள் சக அறிவியலாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியாகின்றன. அவற்றின் கணக்கு முறை மதிப்பாய்வு பெற்றது. ஒவ்வொரு விடையும் அப்போதைக்கு அப்படிப் பெற்றதன்று. பல அறிக்கைகள் பின்னர் ஆய்விதழ்களில் முறைப்படி வந்திருக்கின்றன. லிட்டன் வெப்பம் பற்றியதும் 2022-ல் அப்படி வந்தது. ஆகவே இதைப் பெருங்குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் அறிக்கைக்கும் ஆய்விதழில் வந்த முடிவுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே காட்டினால், ஐயப்படுகிறவரும் நம்புகிறவரும் ஒரே இடத்தில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, எதை ஆராய்வது என்பதை உயிரிழப்பும் பாதிப்பும் முடிவு செய்கின்றன. மனிதாபிமான நோக்கில் இது சரி. ஆயினும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உலகின் பேரிடர்களில் இத்தனை விழுக்காடு காலநிலை மாற்றத்தால் வந்தவை என்று யாராவது கணக்குப் போட்டால் அது தவறாகும், அப்படிப் போடுகிறார்கள். வராமல் போன குளிரும், ஓசையின்றி நீளும் வெக்கையும், பூக்கும் காலம் மாறிய மரங்களும் இந்தப் பட்டியலில் ஒருபோதும் ஏறமாட்டா. செய்தியைப் போலவே இச்சேவையும் நிகழ்வுகளைத்தான் பார்க்கிறது; நிகழ்வாக மாறாத மாற்றம் இரண்டின் கண்ணிலும் படுவதில்லை.

மூன்றாவது மொழி. முழு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்கள் பேசும் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கமாவது முதல் நாளே வெளிவர வேண்டும். அது இல்லாத இடத்தில் வேறு யாரோ மொழிபெயர்த்த தலைப்புதான் மக்களைச் சென்றடைகிறது. 30 மடங்கு வாய்ப்பு 30 மடங்கு வெப்பமாகத் திரிவது அங்கேதான்.

இவ்வளவுக்கும் பிறகு, செய்தி ஆசிரியர்கள், ஆசிரியப் பணியில் இருப்பவர்கள், உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பேரிடர் நடந்த மறுநாளே விடை தேடுகிறவருக்கு இது ஏமாற்றம் தரும். அந்த அவசரத்துக்கு அறிவியலிடம் நேர்மையான விடை எதுவும் இல்லை. புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் மிகவும் பேசப்பட்ட அறிக்கையில் தொடங்க வேண்டாம். முதலில் மடகாஸ்கரைப் படிக்கலாம். பிறகு லிட்டனைப் படித்தால் அதன் உறுதிக்கு எவ்வளவு எடை உண்டு என்பது விளங்கும். மூன்றாவதாக, 2023 மே மாதம் ருவாண்டாவிலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் கிவு ஏரியைச் சுற்றி நேர்ந்த கொடிய வெள்ளம் பற்றிய அறிக்கையைப் படிக்க வேண்டும். அங்கே போதிய மழைத் தரவுகள் கிடைக்காததால், காலநிலை மாற்றத்தின் பங்கை மதிப்பிட இயலவில்லை என்று எழுதிவிட்டு, அந்தத் தரவுகள் கிடைக்க முதலீடு தேவை என்று குழு நிறுத்திக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்த அந்த நிகழ்வு உலகச் செய்திகளிலும் நீண்ட நாள் இருக்கவில்லை.